ஓ.டி.யின் ஒரு முடி

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களுக்கு ஆசைப்படக் கூடாது. ஒன்று, சுவரில் ஆணி அடிப்பது. இன்னொன்று, நாய் வளர்ப்பது. ஆணியையாவது ஓனர் ஊருக்குப் போன நேரம் பார்த்து அடித்து, மேலே ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிடலாம். நாய் மேல் காலண்டர் மாட்ட முடியாது. (மாட்டினால் குரைக்கும்.)

நான் பிறந்ததே வாடகை வீட்டில்தான். கோவில்பட்டியில் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அடிக்கடி வீடு மாறுவோம். ஒவ்வொரு புது வீட்டிலும் சாமான் இறக்கி முடிப்பதற்குள் நான் கேட்கிற முதல் கேள்வி, "எம்மா, இங்ஙன நாய் வளக்கலாமா?" என்பதுதான். அம்மா பால் காய்ச்சுகிற அவசரத்தில், "நாமளே அடுத்தவன் வீட்ல குடியிருக்கோம். இதுல நமக்குக் கீழ ஒரு குடித்தனமா? போடி, போய் அந்தப் பாயைத் தூக்கிட்டு வா" என்பாள். நானும் பாயைத் தூக்கிக்கொண்டு வருவேன். இப்படிப் பாய் தூக்கித் தூக்கியே டிப்ளமோ வரைக்கும் படித்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்தது. செல்போனுக்குள் வைக்கிற கேமராவைச் செய்கிற கம்பெனி. (பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அவர்கள்தான் சம்பளம் போடுகிறார்கள்.) உளுந்து அளவுக்கு ஒரு லென்ஸ். அதில் ஒரு தூசி விழுந்தால் போச்சு. அதனால் தலையில் குல்லா, வாயில் மாஸ்க், கழுத்திலிருந்து கால் வரை வெள்ளை கோட்டு என்று எங்களைக் கட்டி, ஒட்டுகிற ரோலர் ஒன்றைக் கையில் கொடுத்து, "மேல இருக்கிற முடி, நூல் எல்லாத்தையும் உருட்டி எடுங்க" என்பார்கள். பிறகு ஒரு கூண்டுக்குள் நிறுத்தி நாலா பக்கமும் காற்றடிப்பார்கள். கல்யாணப் பெண்ணைக்கூட இவ்வளவு சுத்தம் செய்து மணவறைக்கு அனுப்ப மாட்டார்கள்.

தங்கியது மண்ணூரில், எஸ்தர் அக்கா வீட்டுப் பின்பக்கம் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த அறைகளில் ஒன்றில். கூட இருந்தவள் செய்யாறு தீபா, அதே கம்பெனி, அதே லைன். சாவியைக் கொடுக்கும்போதே எஸ்தர் அக்கா சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"தண்ணி காத்தால ஒருவாட்டி, சாய்ந்தரம் ஒருவாட்டி. என் கோழி உள்ள வந்துச்சுன்னா அடிக்காத, என்னைக் கூப்டு. ஆம்பளைங்களும் நாயிங்களும் கேட்ட தாண்டி வரக் கூடாது."

"எங்க அப்பா பாக்க வந்தா?"

"அப்பா வரலாம். நாயி வரக் கூடாது."

நாயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போல.

கொஞ்ச நாளில், காலை ஷிஃப்ட் முடிந்து மண்ணூர் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு மத்தியானம், அவனைப் பார்த்தேன். டீக்கடை அடுப்பு ஓரம் படுத்திருந்தவன் பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவந்தான். செங்கல் நிறம். வால் நுனியில் மட்டும் வெள்ளை. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து கிடந்தது. கழுத்தில் யாருடையதோ அடையாள அட்டைக் கயிறு, அட்டை இல்லாமல். இறங்குகிற ஒவ்வொருவரின் செருப்பையும் மோந்து பார்த்தான். என்னுடையதையும் மோந்தான். தும்மினான். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் கலைந்து போன பிறகும் அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

தீபா சொன்னாள்: "ஷிஃப்ட்டு முட்ஞ்சும் வூட்டுக்குப் போவாம குந்திகினு கீது பாரு. ஓ.டி. பாக்குது போல."

அன்றிலிருந்து அந்த ஓவர்டைம்காரனின் பெயர் ஓ.டி.

அவன் எனக்காகத்தான் காத்திருக்கிறான் என்ற முடிவுக்கு வர எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கொஞ்சம் என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். அதுவரை என் வாழ்க்கையில் பஸ்ஸை விட்டு இறங்கும் என்னை அழைத்துப் போக யாரும் வந்ததே கிடையாது. அப்பா லாரியில் இருப்பார். அம்மா வேலைக்குப் போயிருப்பாள். முதல் முறையாக ஒருத்தன் வந்து நிற்கிறான், அதுவும் மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல். நான் மயங்காமல் என்ன செய்வேன்?

டீக்கடையில் பொறை வாங்கிப் போடுவேன். மொறுமொறு என்று தின்றுவிட்டு என்னோடு எஸ்தர் அக்கா கேட் வரைக்கும் நடந்து வருவான். கேட்டைத் தாண்ட மாட்டான். அவனுக்கும் யாரோ சட்டத்தைச் சொல்லியிருந்த மாதிரி அங்கேயே நின்று, நான் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு அவன் நினைப்புதான். கையில் லென்ஸ், மனதில் மடிந்த காது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப் போகிறார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் அழ ஆரம்பித்தேன். "தொறந்தா தண்ணி மெட்ராஸ் பக்கம்தான் போவும், இங்க வராது. நீ ஏண்டி அழுவுற?" என்றாள் தீபா. ஏரிக்காக நான் அழவில்லை. டீக்கடையை மூடிவிட்டார்கள், அடுப்பு அணைந்துவிட்டது, கூட்ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கம்பெனி பஸ்ஸும் வராத அன்று காலை, குடையை எடுத்துக்கொண்டு போய் அவனைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்தேன். கேட்டருகே வந்ததும் திமிறினான். (சட்டத்தை மதிக்கிறவன்.) நான்தான் அழுத்திப் பிடித்து உள்ளே கொண்டுபோனேன்.

துவட்டிவிட்டு என் பாயில் படுக்க வைத்த கையோடு வெளியே எஸ்தர் அக்காவின் குரல் கேட்டது. "தீபா, மேல ஒழுவுதா பாரு!"

தீபா ஒரே வீச்சில் அவன் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, என்னைக் கதவுக்குப் பின்னால் தள்ளி, கதவைத் திறந்தாள்.

"பேச்சி எங்க?"

(நான்தான் பேச்சி. முழுப் பெயர் பேச்சியம்மாள்.)

"காய்ச்சல்கா. போத்திகினு தூங்கறா."

"ஐயோ, புள்ள" என்று எஸ்தர் அக்கா குடையை வெளியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ பாய் ஓரம் மண்டியிட்டு, பெட்ஷீட்டுக்கு மேலாகத் தலை இருந்த இடத்தில் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆண்டவரே, அப்பன் ஆத்தாள வுட்டுட்டு அம்மாந்தூரத்துலேர்ந்து பொழைக்க வந்த புள்ள. இங்க அதுக்கு யாரும் இல்ல. சரியாத் துன்றது கூட இல்ல, கையில கெடைக்கறத யாருக்கோ போட்டுட்டு வருது. நீர்தான் அதுக்குத் துணையா இருக்கணும்."

கதவுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்காக ஒருவர் அப்படி உருகிக் கேட்டு நான் காதால் கேட்டதில்லை. ஓ.டி.யும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். 'ஆமென்' என்ற பிறகுதான் பெட்ஷீட்டுக்கு அடியில் வால் தரையில் டப்டப் என்று அடித்தது. பிறகு ஒரு மூக்கு வெளியே வந்து எஸ்தர் அக்காவின் கையை நக்கியது.

எஸ்தர் அக்கா மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"வெளிய வா. காய்ச்சல் உட்டுச்சா?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். திட்டுவார், துணிமணியைத் தூக்கி வெளியே போடுவார் என்று நின்றேன். அவர் ஓ.டி.யின் கழுத்துக் கயிற்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா? இது பின்னாடி தெருவுல தங்கியிருந்த வெல்டிங் பையனோடது. அவன் பொத்திப் பொத்தி வச்சிருந்தான். கான்ட்ராக்ட் முட்ஞ்சிபோச்சி. பஸ் ஏறி ஊருக்குப் போய்ட்டான். அன்னிலேர்ந்து எந்த பஸ் வந்தாலும் ஓடுது."

"எனக்காக நிக்குதுன்னு நெனச்சேன்க்கா."

"உனுக்காகவா? இல்லம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்கல்லாம் கான்ட்ராக்ட்டு. முட்ஞ்சா பைய எடுத்துகினு போய்டுவீங்க. நாயாண்ட யாரு போய் சொல்றது, கான்ட்ராக்ட் முட்ஞ்சுதுன்னு? முன்ன இந்த ரூம்ல இருந்த பொண்ணு ஒண்ணு வளத்துச்சு. அது போன பொறவு அந்த நாயி என் வாசல்ல கத்தினே கெடந்துது. என்னால தாங்க முடியல. அதான் வாணாம்னு சொல்றது."

"நான் போவ மாட்டேன்க்கா."

"எல்லாரும் அத்தான் சொல்றாங்க."

மழை விடுகிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். அந்த மழை நாட்களைப் பற்றி எனக்குச் சிரிப்பாக எதுவும் எழுத வரவில்லை. அறை முழுக்க ஈர நாய் வாடை. தீபா மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே தன் முட்டையில் பாதியை அவனுக்குப் போடுவாள். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்து நான் வேலைக்குப் போய்த் திரும்பும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் வால் அடிக்கிற சத்தம் கேட்கும். தூங்கும்போது தாடையை என் கணுக்கால் மேல் வைத்துக்கொள்வான். கால் மரத்துப்போகும். நான் அசைக்க மாட்டேன். யாருக்காகவோ காத்திருந்தவன் என்று தெரிந்த பிறகும் அந்தக் கனம் எனக்குச் சொந்தம் என்றே இருந்தது.

மழை விட்டது. ஒரகடம் தாண்டி எஸ்தர் அக்காவின் தம்பிக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு காவல் கொட்டகையும் இருந்தன. "அங்க சோறு போடுவான், ஓட எடம் கீது. ரோட்டுல கெடந்து லாரில அடிபடறதுக்கு அது மேலு" என்றார். நியாயம்தான். தம்பி சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியோடு வந்தார். ஓ.டி.யைப் பின்னால் ஏற்றிக் கட்டினோம். நான் ஒரு பொட்டலம் பொறை வைத்தேன். வண்டி கூட்ரோட்டை நெருங்கும்போது எங்கள் ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. அதுவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பி, பஸ்ஸைப் பார்த்து, கயிறு அறுந்துவிடுகிற மாதிரி துள்ளித் துள்ளிக் குரைத்தான். இறங்குகிறவர்களை மோந்து பார்க்க வேண்டுமே அவனுக்கு! குட்டியானை திரும்பி மறைந்துவிட்டது.

மறுநாளே தம்பி போன் செய்தார். கயிற்றைக் கடித்துவிட்டு ஓடிவிட்டானாம்.

வார விடுமுறையில் தேடிப் போனேன். லாரிகள் பறக்கிற ரோட்டு ஓரம், "ஓ.டி.! ஓ.டி.!" என்று கத்திக்கொண்டே நடந்தேன். ஒரு கம்பெனி கேட்டில் இருந்த காவலாளி எழுந்து வந்து, "இங்க ஓ.டி. இல்லம்மா, இப்ப ஆளே எடுக்கறதில்ல. அடுத்த மாசம் வந்து பாரு" என்று ஆறுதல் சொன்னார். அவருக்கு விளக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது, அவனை நான் ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கவில்லை. என் செல்போனில் கேமரா உடைந்து கிடந்தது. நாள் முழுக்க ஊரான் போனுக்கெல்லாம் கேமரா செய்கிறவள் நான். சம்பளம் வரட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

இனிமேல்தான் என் மானம் போன கதை.

அதன் பிறகு சில வாரம் கழித்து, காலை மீட்டிங். உள்ளே போவதற்கு முன் கோட்டு, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு டி.வி. திரைக்கு முன்னால் லைன் மொத்தமும் நிற்க வேண்டும். அன்றைக்குக் குவாலிட்டியிலிருந்து பிரவீன் சார் வந்திருந்தார். திரையில் ஒரு படம் போட்டார். லென்ஸின் குறுக்கே ஒரு துண்டு முடி. பெரிதாக்கிக் காட்டியதில் வெட்டிச் சாய்த்த பனைமரம் மாதிரி கிடந்தது.

"இது ஃபாரின் மெட்டீரியல். நம்ம லைன்ல போன கேமராவுல மாட்டியிருக்கு. கஸ்டமர் கண்டுபிடிச்சுட்டாங்க. இந்த கேமராவுல எந்த போட்டோ எடுத்தாலும் இந்த முடி அதுல விழும். மனுஷ முடி இல்ல, அனிமல் முடி."

அடியில் செங்கல் நிறம். நுனியில் வெள்ளை.

அவன்தான். (ஃபாரின் மெட்டீரியலாம்! மண்ணூர் கூட்ரோட்டு டீக்கடையில் படுத்துக் கிடந்தவன்.) என் சாக்ஸிலோ சட்டைக் கையிலோ ஒட்டிக்கொண்டு, ரோலரையும் காற்றுக் கூண்டையும் ஏமாற்றி, எப்போதோ உள்ளே வந்திருக்கிறான். எஸ்தர் அக்கா கேட்டையே தாண்டாதவன் எங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டிவிட்டான்.

"வீட்ல ஆடு, மாடு, நாய் வச்சிருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் பிரவீன் சார். உள்ளூர்ப் பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மாடு சார். ஆடு சார். நான் பேசாமல் நின்றிருக்கலாம். என்னிடம்தான் எதுவும் இல்லையே. ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்குக் கை தூக்க ஆசைப்பட்டவள் நான். கை தானாக மேலே போய்விட்டது. தீபா இடுப்பில் கிள்ளினாள். "கைய எறக்குடி, உங்கிட்ட ஏதுடி நாயி?"

"நீங்க?" என்றார் பிரவீன் சார்.

"நாய், சார்."

"என்ன நாய்?"

"நல்ல நாய், சார்."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"இப்ப வீட்ல இருக்கா?"

"இல்ல சார்."

"எப்ப இருந்துச்சு?"

"மழைக்கு, சார்."

அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார். அதோடாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். "சார், அது எங்க ஓ.டி. முடிதான் சார். வால் முடி. அந்த முடிய எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு?"

"வச்சுக்கிடத்தான், சார்."

லைன் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. நான் வெடித்து அழுதேன். மாஸ்க் போட்டுக்கொண்டு மட்டும் அழக் கூடாது. கண்ணிலிருந்து, மூக்கிலிருந்து வருவதெல்லாம் உள்ளேயே தேங்கும். துடைக்கவும் முடியாது, கையில் உறை. அழுகையில் விக்கி விக்கி மாஸ்க் பலூன் மாதிரி உப்பி உப்பி அடங்கியதாகத் தீபா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

பிரவீன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "அது நம்மகிட்ட இல்லம்மா. கஸ்டமர் ஊர்லயே இருக்கு. நமக்கு வந்தது போட்டோதான்" என்றார்.

"அந்த போட்டோவாவது?"

"வெளிய தரக் கூடாதும்மா."

ஆக, உலகத்தில் ஓ.டி.க்கு இருக்கிற ஒரே போட்டோ எங்கள் கம்பெனியின் ரகசியம். அவன் முடி எந்த நாட்டிலோ இருக்கிறது. எனக்கு இன்னும் பாஸ்போர்ட் கூடக் கிடையாது.

என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே கோட்டும் கிடையாது, ரோலரும் கிடையாது. மாறுகிற வரைக்கும் கேமரா லைனில் இருந்த நாட்களில், எல்லோரும் முடி இருக்கக் கூடாதே என்று ரோலரை உருட்டினார்கள். நான் ஒன்றாவது இருக்காதா என்று உருட்டினேன். சாக்ஸ், காலர், சட்டைக் கை எல்லாம் உருட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் தலைமுடியும் துப்பட்டா நூலும்தான் ஒட்டியிருக்கும்.

கதை கேண்டீன் வழியாகக் கம்பெனி முழுக்கப் பரவியது. பெண் பார்க்க வந்த ரமேஷ் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். தனியாகப் பேச விட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, அந்த முடி கேட்ட பொண்ணு நீங்கதானா?" ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. இப்போது வட்டியோடு சேர்த்துச் சிரிக்கிறார். ரசத்தில் ஒரு முடி கிடந்தால் போதும், விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "பேச்சி, ஒனக்கு பார்சல் வந்திருக்கு" என்பார். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்போது இருப்பது இருங்காட்டுக்கோட்டையில், ஒரு மாடி வீட்டில். வாடகைதான். குடிவந்த அன்று, நான் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது என் மகள் கயல் வந்து, "அம்மா, இங்க நாய் வளக்கலாமா?" என்று கேட்டாள். "நாமளே அடுத்தவங்க வீட்ல இருக்கோம்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

ஷிஃப்ட் முடிந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இப்போதெல்லாம் என்னை அழைத்துப் போக ஆள் வருகிறது. ரமேஷ் பைக்கில் நிற்பார், முன்னால் கயல். எல்லோரும் கலைந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். அங்கிருக்கிற டீக்கடைப் பக்கம் சுற்றுகிற ஒவ்வொரு நாயின் கழுத்தையும் பார்ப்பேன், கயிறு கிடக்கிறதா என்று. அவன் இருந்தாலும் இந்நேரம் கிழவனாகியிருப்பான். கயிறும் இற்றுப்போயிருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும்.

"அப்பா, அம்மா ஓ.டி. பாக்குதுப்பா" என்று கயல் கத்துவாள்.

"ஓ.டி.க்கு டபுள் சம்பளம்டா, பாக்கட்டும்" என்பார் ரமேஷ்.

நானும் சிரித்துக்கொண்டே போய் வண்டியில் ஏறிக்கொள்வேன். பஸ்ஸைக் கண்டால் ஓடிவருகிறவனாயிற்றே, அந்த பஸ் கிளம்பிக் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் ரமேஷ் வண்டியை எடுக்க மாட்டார்.